பழைய லேப்டாப்பின் கார்டு ஸ்லாட்: எதைப் போட்டால் பயன், எதைப் போட்டால் வீண்

கொஞ்சம் வயதான லேப்டாப் கையில் இருந்தால் அதன் பக்கவாட்டைத் திருப்பிப் பாருங்கள். தட்டையாக, நீளமாக ஒரு வாய் இருக்கும். அதற்குள் வெறும் பிளாஸ்டிக் துண்டு ஒன்று தூசி புகாமல் அடைத்துக்கொண்டிருக்கும். வாங்கிய நாளிலிருந்து அதை வெளியே எடுக்காதவர்கள்தான் அதிகம். சரி, இதில் என்னதான் போடலாம் என்று தேட ஆரம்பித்தால் யூஎஸ்பி கார்டு, நெட்வொர்க் கார்டு, சவுண்ட் கார்டு, மெமரி கார்டு ரீடர் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். அதில் பாதி உங்களுக்குத் தேவையே இல்லை.

நான் பின்பற்றும் விதி ஒன்றுதான். யூஎஸ்பியில் மாட்டுகிற சாதாரணக் கருவியே முடித்துவிடும் வேலைக்கு இந்த ஸ்லாட்டை ஒதுக்காதீர்கள். அந்தக் காலத்து லேப்டாப்களில், மூடியைக் கழற்றாமல் உள்ளே இருக்கும் பஸ்ஸோடு, அதாவது பாகங்களை இணைக்கும் தரவுப் பாதையோடு, நேரடியாகப் பேச இருக்கும் வழி பெரும்பாலும் இது ஒன்றுதான். அந்த நேரடித் தொடர்பு தேவைப்படும் வேலை உங்களிடம் இருந்தால் கார்டு வாங்கலாம், இல்லாவிட்டால் அந்தப் பிளாஸ்டிக் துண்டே உள்ளே இருக்கட்டும்.

முதல் வேலை: உங்களுடையது எந்த ஸ்லாட்?

இதைச் சரியாகப் பார்க்காமல் கார்டு வாங்குவதில்தான் பெரும்பாலான பணம் வீணாகிறது, அதனால் இங்கே கொஞ்சம் பொறுமையாக இருங்கள். முதலில் அந்த டம்மித் துண்டை வெளியே எடுங்கள். சில லேப்டாப்களில் ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் சின்னப் பொத்தான் இருக்கும், சிலவற்றில் துண்டையே உள்பக்கமாக ஒரு தள்ளு தள்ளினால் வெளியே வரும்.

இரண்டு குடும்பங்கள் உண்டு. மூத்தது பிசி கார்டு. பலரும் அதைப் பிசிஎம்சிஐஏ என்றே சொல்வார்கள், அது அந்தத் தரத்தை உருவாக்குவதற்காக 1989இல் ஒன்றுகூடிய சங்கத்தின் பெயர்ச் சுருக்கம். இளையது 2003இல் வந்த எக்ஸ்பிரஸ்கார்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. பிசி கார்டு 54 மில்லிமீட்டர் அகலம், 85.6 மில்லிமீட்டர் நீளம், முனையில் இரண்டு வரிசையாக 68 துளைகள். எக்ஸ்பிரஸ்கார்டு 75 மில்லிமீட்டர் நீளம், 26 தொடுமுனைகள். அதிலும் இரண்டு வடிவம் வரும்: 34 மில்லிமீட்டர் அகலத்தில் நேரான செவ்வகம் ஒன்று, வெளிப்பக்கம் 54 மில்லிமீட்டராக விரிந்து எல் வடிவில் இருப்பது இன்னொன்று. 34 அகலக் கார்டு 54 ஸ்லாட்டுக்குள் போகும், தலைகீழாக, 54 கார்டு 34 ஸ்லாட்டுக்குள் போகாது.

ஒரு ஸ்கேலை எடுத்து வாயின் அகலத்தை அளந்து பாருங்கள். 34 மில்லிமீட்டர் வந்தால் சந்தேகமே இல்லை, எக்ஸ்பிரஸ்கார்டுதான். 54 வந்தால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். முழு அகலத்துக்கும் இரண்டு வரிசையில் மெல்லிய ஊசிகள் தெரிந்தால் பிசி கார்டு. இணைப்பு ஒரு பக்கமாக மட்டும் ஒதுங்கியிருந்து, மறுபக்கம் கார்டை அந்தத் திசைக்குத் தள்ளிவிடுகிற மாதிரி சாய்வாக ஏதாவது இருந்தால் எக்ஸ்பிரஸ்கார்டு 54. வெளியே எடுத்த டம்மித் துண்டு எல் வடிவில் இருக்கிறதா என்று பார்த்தாலும் தெரிந்துவிடும்.

அலுவலக லேப்டாப்களில் இன்னொரு குழப்பம் உண்டு. ஏடிஎம் கார்டு மட்டும் நுழையும் அளவுக்கு மெல்லிய வாய் ஒன்று இருக்கும், அது ஸ்மார்ட் கார்டு ரீடர். இந்தக் கட்டுரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அதில் வேறு எதையும் திணித்துப் பார்க்க வேண்டாம்.

பிசி கார்டு குடும்பத்துக்குள்ளும் ஒரு பிரிவு இருக்கிறது: பழைய 16 பிட் கார்டுகள், 1995க்குப் பிறகு வந்த 32 பிட் கார்ட்பஸ் கார்டுகள். கார்ட்பஸ் கார்டின் முனையில் சின்னச் சின்ன மேடுகளோடு தங்க நிறப் பட்டை ஒன்று இருக்கும், கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம். கார்ட்பஸ் ஸ்லாட்டில் பழைய 16 பிட் கார்டும் வேலை செய்யும். ஆனால் பழைய 16 பிட் ஸ்லாட்டுக்குள் கார்ட்பஸ் கார்டு நுழையாதபடி வெட்டு வைத்திருப்பார்கள். அது 3.3 வோல்ட்டில் ஓடும் கார்டு, 5 வோல்ட் ஸ்லாட்டில் போய்ப் பழுதாகிவிடக் கூடாதே. எனவே கார்டு போக மறுத்தால் பலம் போடாதீர்கள்.

உள்ளே என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

எக்ஸ்பிரஸ்கார்டு ஸ்லாட்டுக்குள் இரண்டு தனித்தனி இணைப்புகள் வருகின்றன: ஒன்று பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற உள் பஸ், அதில் ஒரே ஒரு லேன், அதாவது ஒரே தடம். இன்னொன்று சாதாரண யூஎஸ்பி 2.0. கார்டைத் தயாரிப்பவர் இதில் எதை வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளலாம். வெளியே பார்த்தால் இரண்டு கார்டும் ஒரே மாதிரி இருக்கும், விலையிலும் பெரிய வித்தியாசம் இருக்காமல் போகலாம், ஆனால் உள்ளே வேகம் மலைக்கும் மடுவுக்கும். பிசிஐ எக்ஸ்பிரஸ் வழி 2.5 ஜிகாபிட், அதாவது ஏட்டளவில் நொடிக்கு 250 மெகாபைட். யூஎஸ்பி 2.0 வழி 480 மெகாபிட், நடைமுறையில் நொடிக்கு 30, 40 மெகாபைட் கிடைத்தால் நல்லது. 2009இல் எக்ஸ்பிரஸ்கார்டு 2.0 என்று 5 ஜிகாபிட் தரம் ஒன்றும் வந்தது, ஆனால் அதற்குள் லேப்டாப் தயாரிப்பாளர்கள் பலர் ஸ்லாட்டையே எடுத்துவிடத் தொடங்கியிருந்தார்கள். கார்ட்பஸ்ஸுக்கு உச்சம் நொடிக்கு 133 மெகாபைட், அதையும் அதே பஸ்ஸில் உள்ள மற்றவற்றோடு பங்கு போட வேண்டும்.

ஆக, எக்ஸ்பிரஸ்கார்டு வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: இந்தக் கார்டு பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியில் ஓடுகிறதா, யூஎஸ்பி வழியில் ஓடுகிறதா? பெட்டியில் எழுதியிருக்காவிட்டால் உள்ளே இருக்கும் சிப்பின் பெயரைக் கண்டுபிடித்துத் தேடுங்கள். மெமரி கார்டு ரீடர், ஸ்மார்ட் கார்டு ரீடர், பழைய 3ஜி மோடம் வகையறாக்களில் நிறைய யூஎஸ்பி வழியில்தான் ஓடுகின்றன. அப்படியானால் அது கார்டு உடை போட்ட யூஎஸ்பி டாங்கிள், அவ்வளவுதான். அந்த டாங்கிளையே வாங்கிக்கொள்ளுங்கள், நாளைக்கு வேறு லேப்டாப்பிலும் பயன்படும்.

ஏற்கெனவே கார்டு கையில் இருந்தால் செருகிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, இணைப்பு வாரியாகக் காட்டும்படி மாற்றினால் அது எந்தக் கிளையின் கீழ் வருகிறது என்று தெரியும். லினக்ஸில் எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளையின் பட்டியலில் வந்தால் பிசிஐ எக்ஸ்பிரஸ், எல்எஸ்யூஎஸ்பி (lsusb) பட்டியலில் வந்தால் யூஎஸ்பி.

இப்போது எதை வாங்கலாம்

எக்ஸ்பிரஸ்கார்டு ஸ்லாட் இருந்து, லேப்டாப்பில் யூஎஸ்பி 2.0 மட்டும்தான் என்றால் யோசிக்கவே வேண்டாம், யூஎஸ்பி 3.0 கார்டு. பேக்கப் எடுக்க இரண்டு மணி நேரம் ஆகிற வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். முழு 5 ஜிகாபிட் வேகம் கிடைக்காது, ஸ்லாட்டின் உச்சமே அதில் பாதி. ஆனாலும் சாதாரண வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு அதுவே போதும், டிஸ்க்கே அதைவிட வேகமாக ஓடாது.

சிக்கல் பவரில் வரும். ஸ்லாட் கொடுப்பது 3.3 வோல்ட்டும் 1.5 வோல்ட்டும்தான், 5 வோல்ட் கிடையாது. யூஎஸ்பிக்கோ 5 வோல்ட் வேண்டும். யூஎஸ்பி 3.0 தரப்படி ஒரு போர்ட்டுக்கு 900 மில்லி ஆம்பியர், அதாவது நாலரை வாட், இரண்டு போர்ட் என்றால் ஒன்பது வாட். ஸ்லாட்டிலிருந்து மூன்று, நான்கு வாட்டுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. கார்டு தன் பங்குக்கு வோல்ட்டேஜை உயர்த்திக் கொடுத்தாலும் இல்லாத வாட் எங்கிருந்து வரும்? அதனால்தான் நல்ல கார்டுகளின் ஓரத்தில் சின்ன வட்டமான பவர் துளை ஒன்று இருக்கும், கூடவே லேப்டாப்பின் யூஎஸ்பி போர்ட்டிலிருந்து 5 வோல்ட் எடுத்து அதில் செருக ஒரு கேபிளும் தருவார்கள். அந்தத் துளை இல்லாத கார்டில் பென்டிரைவ் ஓடும், பாக்கெட் ஹார்ட் டிஸ்க்கை மாட்டினால் டிக் டிக் என்று சத்தம் போட்டுவிட்டுத் தொடர்பு அறுந்துவிடும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று பயந்து அதைத் தூக்கிப் போட்டவர்களும் இருக்கிறார்கள். தனி அடாப்டர் உள்ள டிஸ்க்கோ, பவர் கொடுத்த யூஎஸ்பி ஹப்போ இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை.

இன்னும் சில விஷயங்கள் இதில் உண்டு. விண்டோஸ் 8 முதல் யூஎஸ்பி 3.0 ஆதரவு உள்ளேயே வந்துவிட்டது, விண்டோஸ் 7க்கு சிப்பின் டிரைவரைத் தனியாகப் போட வேண்டும், லினக்ஸ் 2009இலிருந்தே ஆதரிக்கிறது. சிப் என்இசி அல்லது ரெனசாஸ் என்று இருந்தால் டிரைவர் தேடுவது சுலபம். அப்புறம், இந்தக் கார்டில் மாட்டிய பென்டிரைவிலிருந்து லேப்டாப்பை பூட் செய்ய முடியும் என்று நினைத்து வாங்காதீர்கள். லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் பயாஸுக்கு இந்தக் கார்டோடு பேசத் தெரியாது, இயங்குதளம் ஏறிய பிறகுதான் கார்டு உயிர் பெறும். ஸ்லாட்டுக்குள்ளேயே முழுதாக அடங்கிவிடும் வகை, வெளியே ஒரு அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும் வகை என்று இரண்டு உண்டு. பையில் போட்டுத் திரிபவர் என்றால் முதல் வகை, மேசையை விட்டு நகராத லேப்டாப் என்றால் இரண்டாவது வகையே பரவாயில்லை, செருகிக் கழற்ற வசதி.

கார்ட்பஸ்காரர்களுக்கு வேறு கணக்கு. லேப்டாப்பில் யூஎஸ்பி 1.1 மட்டும் இருக்கிறதென்றால் அது வெறும் 12 மெகாபிட். அதற்கு ஒரு யூஎஸ்பி 2.0 கார்ட்பஸ் கார்டு போட்டால் இயந்திரமே மறுபிறவி எடுத்த மாதிரி இருக்கும்.

இரண்டாவதாக நான் சொல்வது பழைய வீடியோ கேமராக்களில் இருக்கும் ஃபயர்வயர் இணைப்புக்கான கார்டு, ஆனால் எல்லாருக்கும் அல்ல. வீட்டில் மினி டிவி (MiniDV) கேசட்டுகள் கிடக்கின்றன, கேமராவும் இன்னும் ஓடுகிறது, அதில் உள்ள கல்யாண வீடியோவைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற வேண்டும் என்றால் இந்தக் கார்டு தவிர வேறு நேர்வழி குறைவு. யூஎஸ்பியிலிருந்து ஃபயர்வயருக்கு மாற்றும் சின்ன பிளக் என்று விற்கப்படுபவை கம்பியை மட்டும் மாற்றுகின்றன, இரண்டு பக்கமும் பேசும் மொழி வேறு என்பதால் கேமரா தெரியவே தெரியாது. அந்த கேசட்டின் டிஜிட்டல் வீடியோ ஓடுவது 25 மெகாபிட்டில்தான், ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 13 ஜிகாபைட் ஆகும், எனவே கார்டின் வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், கார்ட்பஸ் கார்டே தாராளம். பழைய ஃபயர்வயர் ஆடியோ இன்டர்ஃபேஸ் வைத்திருப்பவர்கள் மட்டும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் உள்ள கார்டாகப் பார்த்து வாங்குங்கள், ஆடியோக்காரர்கள் பல காலமாக அதையே பரிந்துரைக்கிறார்கள். ஆறு முனை போர்ட் இருக்கிறதே, கருவிக்கு பவரும் போகும் என்று நம்ப வேண்டாம். ஸ்லாட்டில் 12 வோல்ட் கிடையாது, கருவியைத் தனி அடாப்டரில்தான் ஓட்ட வேண்டும்.

இ-சாட்டா, அதாவது உள் டிஸ்க்கின் சாட்டா இணைப்பை வெளியே கொண்டுவரும் கார்டைப் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். ஏற்கெனவே இ-சாட்டா டிஸ்க் பெட்டி இருந்தால் வாங்கலாம், டிஸ்க் உள்ளே பொருத்தியது போலவே தெரியும், அதன் உடல்நிலைத் தகவல்களையும் நேரடியாகப் படிக்கலாம். புதிதாக இரண்டையும் வாங்கப் போகிறீர்கள் என்றால் வேண்டாம், அந்த கேபிளில் பவர் வராது, யூஎஸ்பி 3.0 போதும். பல டிஸ்க் கொண்ட பெட்டி என்றால் ஒரே போர்ட்டில் பல டிஸ்க்குகளை ஓட்டும் போர்ட் மல்டிப்ளையரைக் கார்டு ஆதரிக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முதல் டிஸ்க் மட்டும்தான் தெரியும்.

நெட்வொர்க் கார்டு: உள்ளே இருக்கும் போர்ட் உடைந்திருந்தால், அல்லது அது 100 மெகாபிட் மட்டும் என்றால், அல்லது பழைய லேப்டாப்பை ஃபயர்வாலாகவோ ரவுட்டராகவோ மாற்றி இரண்டாவது போர்ட் தேவைப்பட்டால் நல்ல தேர்வு. ஜிகாபிட் என்பது நொடிக்கு 125 மெகாபைட்தான், எக்ஸ்பிரஸ்கார்டின் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழிக்குள் வசதியாக அடங்கும். கார்டு 5 மில்லிமீட்டர் தடிமன், கேபிளின் பிளக் அதைவிடத் தடிமன், அதனால் வெளியே ஒரு திமில் மாதிரி புடைத்துக்கொண்டிருக்கும்.

பழைய பிசி கார்டு நெட்வொர்க் கார்டுகளிலும் மோடம்களிலும் இந்தத் திமிலுக்குப் பதிலாகத் தனியாக ஒரு குட்டி கேபிள் வரும். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு விதமான பிளக், ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது. பழைய பொருள் விற்பவரிடம் அந்த கேபிள் இல்லாமல் கார்டு மட்டும் கிடைத்தால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடாதீர்கள்.

சீரியல் போர்ட் கார்டில்தான் நான் ஆரம்பத்தில் சொன்ன விதி நன்றாகப் புரியும். ரவுட்டர் கன்சோலுக்கு யூஎஸ்பி சீரியல் கேபிளே போதும், கார்டு வேண்டாம். ஆனால் ஆலைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய இயந்திரங்களுக்கு விண்டோஸுக்கு முந்தைய டாஸில் எழுதிய மென்பொருள் இருக்கும், அது சீரியல் சிப்பை அதன் பழைய முகவரியிலேயே தேடிப்போய்ப் பேசும். அதற்கு யூஎஸ்பி கேபிள் கண்ணிலேயே படாது. அங்கே 16 பிட் பிசி கார்டு சீரியல் கார்டு தங்கம். அதே பெயரில் எக்ஸ்பிரஸ்கார்டும் விற்கிறார்கள், ஆனால் அவற்றில் சில உள்ளுக்குள் யூஎஸ்பி சீரியல் சிப்பைத்தான் வைத்திருக்கின்றன. சிப்பின் பெயரைப் பார்க்காமல் வாங்கினால் அந்தக் கேபிளை வாங்கியதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இருக்காது.

பிசி கார்டு ஸ்லாட்டுக்கு இன்னொரு நல்ல துணை, பழைய கேமராக்களின் மெமரி கார்டான காம்பேக்ட் ஃபிளாஷைச் செருகும் அடாப்டர். உள்ளே சிப் எதுவும் இல்லை, வெறும் கம்பி இணைப்புதான், அதனால் மலிவு, கெட்டுப்போகவும் எதுவும் இல்லை. யூஎஸ்பியே இல்லாத லேப்டாப்பிலிருந்து கோப்புகளை வெளியே எடுக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

வேண்டாதவை என்று பார்த்தால், வைஃபை கார்டு. 11 மெகாபிட் காலத்து பிசி கார்டுகளில் பலவற்றுக்கு இன்றைய பாதுகாப்பு முறைகள் தெரியாது, உங்கள் வீட்டு ரவுட்டர் அவற்றை உள்ளே விடாது. சவுண்ட் கார்டும் அப்படியே, யூஎஸ்பியில் மாட்டும் ஒலிக்கருவி (DAC) ஒன்று போதும். எக்ஸ்பிரஸ்கார்டு எஸ்எஸ்டி என்று கிடைப்பவற்றில் சில யூஎஸ்பி வழியில் ஊர்பவை, பார்த்து வாங்குங்கள்.

வெளி கிராஃபிக்ஸ் கார்டு கதை தனி. எக்ஸ்பிரஸ்கார்டிலிருந்து கேபிள் இழுத்து, மேசைக் கம்ப்யூட்டரின் கிராஃபிக்ஸ் கார்டைத் தனி பவர் சப்ளையோடு ஓட்டலாம். நடக்கும், ஆனால் ஒரே லேன்தான், அதனால் கார்டின் திறன் முழுதாக வராது. வெளி மானிட்டரில் பார்த்தால் ஓரளவு பரவாயில்லை, லேப்டாப் திரைக்கே படத்தைத் திருப்பி அனுப்பினால் அதே ஒற்றை லேனில் இரண்டு பக்கப் போக்குவரத்து. விண்டோஸ் பிழை 12 என்று சொல்லி, இடமில்லை என்று கார்டை ஒதுக்கிவைப்பதும் அடிக்கடி நடக்கும். நோண்டிப் பார்ப்பதில் ஆசை உள்ளவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு, கேம் விளையாடுவது மட்டுமே நோக்கம் என்றால் வேறு வழி பாருங்கள்.

கார்டு வந்த பிறகு

செருகும் முன் பிசி கார்டு ஸ்லாட்டின் ஊசிகளை ஒரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள். ஊசிகள் ஸ்லாட் பக்கம் இருக்கின்றன, கார்டில் இருப்பது துளை, எனவே கோணலாகச் செருகினால் சேதமாவது லேப்டாப். லேபிள் மேலே இருக்க, நேராக, ஒரே சீராகத் தள்ளுங்கள். 34 அகல எக்ஸ்பிரஸ்கார்டு 54 ஸ்லாட்டில் இருக்கும்போது பக்கவாட்டில் ஆடும். அதை நிறுத்த ஒரு பிளாஸ்டிக் துணைத்துண்டு சில கார்டுகளோடு வரும், வந்தால் போட்டுக்கொள்ளுங்கள், கேபிள் இழுபடும்போது தொடர்பு அறுவது குறையும்.

கார்டு தெரியவில்லை என்றால் பதறாதீர்கள். முதலில் பயாஸுக்குள் போய் ஸ்லாட் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், அலுவலக லேப்டாப்களில் பாதுகாப்புக்காக அப்படிச் செய்துவைப்பது உண்டு. அடுத்து, கார்டைச் செருகிய நிலையிலேயே லேப்டாப்பை அணைத்து மறுபடி போடுங்கள். விண்டோஸ் எக்ஸ்பிக்கு, ஓடிக்கொண்டிருக்கும்போது செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டை பயாஸின் உதவி இல்லாமல் தானாகக் கண்டுபிடிக்கும் திறமை இல்லை, விஸ்டாவில்தான் அது வந்தது. லினக்ஸிலும் சில பழைய லேப்டாப்களில் இதே கதைதான். அதற்கும் மசியாவிட்டால் டிரைவர். கார்டின் மேலே அச்சடித்த கம்பெனி பெயரை வைத்துத் தேடினால் ஒன்றும் கிடைக்காது, சிப்பின் பெயரையும் உங்கள் விண்டோஸ் பதிப்பையும் சேர்த்துத் தேடுங்கள். பழைய கார்ட்பஸ் கார்டுகளுக்கு 64 பிட் டிரைவர் வராமலேயே போனதும் உண்டு, அந்த இடத்தில் லினக்ஸ் பெரும்பாலும் கைகொடுக்கும்.

கழற்றும்போது பென்டிரைவுக்குச் செய்வது போலவே முதலில் மென்பொருளில் பாதுகாப்பாக நீக்கிவிட்டுப் பிறகு கழற்றுங்கள். கார்டு சும்மா செருகியிருந்தாலே கொஞ்சம் மின்சாரம் இழுக்கும், பேட்டரியில் ஓட்டும்போது வெளியே எடுத்துவிடுவது நல்லது.

புதிய லேப்டாப்களில் இந்த ஸ்லாட் கிடையாது, அதன் வேலையைத் தண்டர்போல்ட்டும் உள்ளே இருக்கும் எம்.2 ஸ்லாட்டும் பிரித்துக்கொண்டுவிட்டன. 2021இல் வந்த ஃபிரேம்வொர்க் லேப்டாப்பில் எக்ஸ்பான்ஷன் கார்டு என்று சின்னச் சின்னப் பெட்டிகளை மாற்றி மாற்றிச் செருகலாம், ஆனால் அதன் உள்ளே இருப்பது யூஎஸ்பி-சி. அங்கே எச்டிஎம்ஐ, நெட்வொர்க், மெமரி கார்டு என்று உங்களுக்குத் தினமும் எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: எல்லா வாயும் ஒரே அளவில் இருந்தாலும் சில மாடல்களில் எல்லா வாயும் ஒரே வேலையைச் செய்யாது, மானிட்டருக்கான கார்டை எதில் போட வேண்டும் என்று அந்த மாடலின் கையேட்டில் பார்த்துவிட்டுச் செருகுங்கள்.